எட்டுக் கிட்டார் அடுக்கியும் பாட்டு ஏன் சிறுத்துப் போனது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ஐந்து பேர் சேர்ந்து தமிழில் ஹெவி மெட்டல் பாட்டு செய்கிறார்கள். வேகம் நிமிடத்துக்கு 180 அடி. ஒத்திகை அறையில் கைப்பேசியை ஓரமாக வைத்துப் பிடித்த பதிவில் கிட்டார் இரண்டு, குரல் ஒன்று. கேட்டால் நெஞ்சில் இடிக்கிறது. அதே பாட்டை முறையாகப் பதிவு செய்து, ரிதம் கிட்டார் எட்டு டிராக், குரல் ஆறு, அதன்மேல் கீபோர்டு வயலின், கடைசியில் உறுமி என்று அடுக்கிக் காரில் போட்டால், பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாகக் கேட்பது போல இருக்கிறது. "பெரிய பேண்டுகளும் இப்படித்தானே அடுக்குகிறார்கள் அண்ணே, எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?"

தம்பி, நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் இருபது வருடத்துக்கு மேலாக ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு பக்திப் பாடல், உறுமி மேளம், கல்யாண வீட்டு இசைக்குழு. மெட்டல் ஆசைக்கு. அதனால் நான் சொல்லும் உதாரணங்களில் பாதி கோயில் வாசலில் இருந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோப்புகளைத் திறந்து கேட்டேன். வாசிப்பில் பெரிய குறையில்லை. நீங்கள் அடுக்கிய எட்டுக் கிட்டாரும் ஒரே ஆள் சொல்லும் ஒரே சொல்லை எட்டு முறை சொல்கின்றன, அதுவும் ஒன்றின் வாயை ஒன்று பொத்திக்கொண்டு. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ அந்த அளவுக்குத்தான் ஒலி பெருக்கும்.

கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும்போது கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் இருவர் நிற்பார்கள். இருவரும் வாசிப்பது ஒரே ராகம், ஒரே பிடி. ஆனால் ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சு இல்லை. ஒருவர் கமகத்தை அசைத்து முடிக்கும் இடத்தில் மற்றவர் இம்மி பிந்துவார். காது அந்த இம்மியைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, அகலமாக எடுத்துக்கொள்கிறது. பின்னால் ஒத்தோ சுருதிப் பெட்டியோ அசையாமல் நிற்கிறது, இருவருக்கும் தரை மாதிரி. மெட்டலில் டபுள் டிராக் என்று சொல்வது இந்த இரண்டு நாதஸ்வரத்தைத்தான். ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் பிடியை, ஒருமுறை வாசித்து முழுக்க இடப்பக்கம் தள்ளு. மறுபடி முதலிலிருந்து வாசித்து முழுக்க வலப்பக்கம் தள்ளு. நடுவில் பேஸும் டிரம்ஸும் பாடகரும் நிற்க இடம் கிடைக்கிறது.

இதில் நிறையப் பேர் திருடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் எட்டு டிராக்கில் மூன்று நகல் என்று அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரே பதிவை அச்சு அசலாக இரண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 6 டெசிபெல் சத்தம் கூடும், வேறொன்றும் நடக்காது. குமிழைத் திருப்பினாலும் அதே பலன்தான். தனித்தனியாக வாசித்த இரண்டு டேக் சேரும்போது கூடுவது சுமார் 3 டெசிபெல்தான், ஆனால் அகலம் வருகிறது. நகல் எடுத்தவர் அதை 15 மில்லி விநாடி தள்ளி வைத்து ஏமாற்றப் பார்ப்பார். ஹெட்ஃபோனில் ஜோராக இருக்கும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடையில் தொங்கும் ஒற்றை புளூடூத் பெட்டியில் போட்டுப் பாருங்கள்: இடமும் வலமும் ஒன்றாக விழுந்து சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்து மறைந்துவிடும். 1 மில்லி விநாடி பிந்தினால் 500 ஹெர்ட்ஸ் அழியும், பிறகு 1,500, பிறகு 2,500 என்று சீப்பின் பல் மாதிரி இடைவெளி விழும். பிந்தும் நேரம் கூடினால் பல் நெருங்கும். கிட்டாரின் ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு இரண்டு மைக் வைப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு மைக் அவ்வளவு பின்னால் இருந்தால் அதே 500 ஹெர்ட்ஸ் ஓட்டை.

இரண்டு முறை வாசிக்கச் சோம்பல் என்பது புதிய வியாதி இல்லை. லண்டன் அபி ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் 1966இல் டேப் இயந்திரங்களை வைத்துக் குரலைத் தானாக இரட்டிக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு ஒரே பாட்டை இரண்டு தரம் பாடுவது பிடிக்கவில்லை. அங்கேயும் இரண்டாவது டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் அலையவிட்டார்கள். அசையாத நகல் பயன்படாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, வேறுபாடு வேண்டும் என்றால் எவ்வளவு வேண்டும்? இங்கேதான் மெட்டல் மற்ற இசையிலிருந்து விலகுகிறது. உங்கள் வேகம் 180, அதாவது ஓர் அடிக்கு 333 மில்லி விநாடி. வலது கை அதைத் 'தகதிமி' என்று நாலாக வெட்டுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் 83 மில்லி விநாடிதான். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் அந்தப் பாம் மியூட்டில், கம்பியின் 'டக்' என்ற முதல் நொடித்துளிதான் எல்லாம். எட்டு டேக்கில் ஒன்று 20 மில்லி விநாடி முந்தி, இன்னொன்று 20 பிந்தி என்றால், அந்த 'டக்' 40 மில்லி விநாடிக்குத் தேய்ந்து நீள்கிறது. பாதி எழுத்து போய்விட்டது. 'தகதிமி' என்று வாசித்தது 'ஷஷஷஷ' என்று கேட்கும். மெதுவான பாட்டாக இருந்திருந்தால் இதே எட்டு டேக் அழகாக இருந்திருக்கும். வேகம் ஏற ஏற அடுக்கு குறைய வேண்டும் என்பது என் கட்சி. ஸ்லேயரின் 1986 ஆல்பம் 'ரெய்ன் இன் பிளட்' மொத்தமே 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு வேகத்துக்கு ஏற்றபடி எதிரொலியைத் துடைத்து, காய்ந்த ஒலியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டும் தனியாகத் தெரியும்.

ஒரே கை வாசிப்பதும் இதற்காகத்தான். மெட்டாலிகாவின் 80களின் ஆல்பங்களில் ரிதம் கிட்டார் அடுக்குகள் எல்லாம் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கை. ஸோலோவுக்கு மட்டும் கிர்க் ஹாமெட். பேண்டில் இரண்டு கிட்டார்காரர்கள் இருந்தும் ஏன் அப்படி? ஒரே மணிக்கட்டு இரண்டு முறை அடித்தால் பிசகு சில மில்லி விநாடிக்குள் நிற்கும். இரண்டு மணிக்கட்டு என்றால் ஒருவர் கீழ்நோக்கி அடிக்கும் இடத்தில் மற்றவர் மேல்நோக்கி இழுப்பார். அதே பேண்டு 2013 ஆகஸ்டில் நம் மெர்டேக்கா அரங்கத்தில் வாசித்தபோது மேடையில் இரண்டே கிட்டார்தான். பதிவில் உள்ள அடுக்குகள் அங்கே இல்லை. எனக்கு அன்று எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை, ஆனால் அது மேடை, காற்றே அதிர்கிறது. பதிவில் காற்று இல்லாததால்தான் இந்தப் பாடெல்லாம் படுகிறோம்.

உங்கள் கைப்பேசிப் பதிவு ஏன் இடித்தது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. அங்கே எல்லாரும் ஒரே அறைக் காற்றில் வாசித்தீர்கள். கைப்பேசி தானாகவே பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கிவிட்டது. முக்கியமாக, கேட்பதற்கு ஐந்து பொருள்தான் இருந்தது. பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பமே அப்படிப் பிறந்ததுதான்: 1969இல் கிட்டத்தட்ட ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போலச் சேர்ந்து வாசித்துப் பதிந்து, 1970 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். ஹெவி மெட்டல் என்ற வகையே அங்கிருந்துதான் கிளம்பியது என்று பலர் சொல்வார்கள். அடுக்கு என்று பார்த்தால் சொற்பம்.

அடுத்து கெயின், அதாவது ஆம்பில் கரகரப்பை ஏற்றும் குமிழ். இது உங்கள் பெரிய தவறு, என் பழைய தவறும்கூட. தனியாக ஒரு கிட்டாரைக் கேட்கும்போது டிஸ்டார்ஷன் எவ்வளவு ஏற்றினாலும் போதாது போல இருக்கும். ஆனால் டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுவது. உச்சமும் பள்ளமும் தட்டையாகி, தாக்கும் முனை மழுங்குகிறது. முனை மழுங்கிய எட்டைச் சேர்த்தால் கிடைப்பது மழை பெய்யும் தகரக் கூரை. அடுக்கும் ஒவ்வொரு டேக்கும் தனியாகக் கேட்டால் 'என்னடா இது, சப்பென்று இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும். இரண்டு சேர்ந்தால்தான் மெட்டல் ஆக வேண்டும். நாலு போடுவதாக இருந்தால் இன்னும் குறையுங்கள். நான் ஆம்பின் கெயினைப் பாதிக்குக் கீழே வைத்துவிட்டு, முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை, டிரைவைச் சுழிக்குப் பக்கத்திலும் லெவலை மேலேயும் வைத்துக் கொடுப்பேன். அது ஆம்புக்குள் போகும் முன்பே அடிச்சத்தத்தைக் கொஞ்சம் கழித்துவிடும். பாம் மியூட் கட்டிதட்டாமல் இறுகி வரும்.

டிஸ்டார்ஷன் பற்றி இன்னொன்று. இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். பவர் கார்டு என்பது நம் தம்புராதான்: ஸ-வும் ப-வும். அதிர்வெண் கணக்கில் 2-க்கு 3. கிட்டாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.6. இரண்டையும் ஒரே ஆம்புக்குள் விட்டு வெட்டும்போது, அவற்றின் வித்தியாசமான 41.2 ஹெர்ட்ஸ் என்ற புது ஒலி பிறக்கிறது. அது அதே ஸ-வின் கீழ் ஸ்தாயி. நீங்கள் வாசிக்காத கீழ் ஸ ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் சுருதி சுத்தமாக. ஸ-வும் க-வும் சேர்த்து அதே ஆம்புக்குள் விடுங்கள், இப்படிப் பிறக்கும் உபரி ஒலிகள் பல திசையில் சிதறி, சேறு கலக்கியது போல ஆகும். அதனால்தான் அயர்ன் மெய்டன் போன்றவர்கள் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இரட்டைக் கிட்டார் மெட்டு வைக்கும்போது, ஒரு கிட்டார் ஒரு ஸ்வரம், இன்னொரு கிட்டார் இன்னொரு ஸ்வரம், தனித்தனி ஆம்பு. வெட்டுவது தனித்தனியாக, சேர்வது காற்றில். உங்கள் பல்லவிக்கு முன்னால் வரும் அந்த இரண்டு ஸ்வர மெட்டை ஒரே கிட்டாரில் ஒரே பிடியாக வாசித்திருக்கிறீர்கள். அதைப் பிரித்து இரண்டு டிராக்காக வாசித்தாலே கண்ணாடி துடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் அடுக்கைக் கூட்டச் சொல்கிறேன், கவனியுங்கள்.

பேஸ் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லையே? உங்கள் பேஸ் தம்பி நல்ல பிள்ளை போல. எட்டுக் கிட்டாரும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை குந்திக்கொண்டிருக்கின்றன, அவர் அதே ரிஃபை அப்படியே கீழே வாசிக்கிறார், காணாமல் போய்விட்டார். மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இதற்குப் பேர்போனது. ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. ரசிகர்கள் இன்றுவரை அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். கிட்டார் டிராக்குகளில் 80-இலிருந்து 100 வரை எங்கோ ஓரிடத்தில் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துபோகும், பயப்பட வேண்டாம். 'கிட்டார் கனமாக இருக்கிறது' என்று கேட்பவர் சொல்லும் கனத்தில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. பேஸையும் இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று சுத்தமாக, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசரால் இறுக்கி, கீழே மட்டும். மற்றது டிஸ்டார்ஷனோடு, அடியை வெட்டி, கம்பியின் உறுமல் மட்டும். வாசிப்பது ஒரு டேக்தான், வேலை இரண்டு.

இனிக் குரல். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவேன், ஏனென்றால் தமிழில் மெட்டல் பாடுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டைப் பார்த்துப் படித்தால் இது பிடிபடாது.

ஆங்கிலச் சொற்கள் பல க், ட், ஸ் என்று மெய்யில் முடியும். நாலு பேர் சேர்ந்து பாடினால் வரி முடியும்போது ட்-ட்-ட்-ட் என்று படபடவென்று உதிரும். அதனால் அவர்கள் பின்குரல் பாடுவோரிடம் கடைசி மெய்யை விழுங்கச் சொல்வார்கள், முன்குரல் மட்டும் அதை உச்சரிக்கும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நம் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. உயிரிலோ, ம், ன், ல், ர் மாதிரியோதான் முடியும். வரி முடிவில் ஆறு பேரும் 'ம்' என்று வாயை மூடினால் தேன் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பஜனையில் பின்பாட்டு அவ்வளவு எளிதாகச் சேர்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நமக்குச் சிக்கல் சொல்லின் நடுவில். மெட்டல் பாட்டில் எப்படிப்பட்ட சொற்களை எழுதுகிறோம்? வெட்டு, ரத்தம், நெருப்பு, கத்தி, சாக்காடு. எல்லாம் இரட்டித்த வல்லினம். அந்த இரட்டிப்பு உண்மையில் ஒரு மௌனம்: நாக்கு அடைத்துக்கொண்டு, மூச்சு நின்று, பிறகு வெடிக்கிறது. 'வெட்டு' என்று பாடிய டிராக்கைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் அலையே இல்லாத ஒரு வெற்றிடம் தெரியும். கொஞ்சம் அழுத்திப் பாடினால் பத்தில் ஒரு விநாடி அளவு இருக்கும். சொல்லின் ஆவேசம் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான். ஆறு குரலை அடுக்கும்போது ஒருவர் வெற்றிடத்தில் இன்னொருவர் உயிரெழுத்து வழிந்துவிட்டால் அடைப்பு திறந்துவிடும். 'வெட்டு' 'வெடு' ஆகும். 'கத்தி' 'கதி' ஆகும். உங்கள் பல்லவியில் "கத்தி எடு" என்று ஒற்றைக் குரலில் கேட்டது, ஆறு குரலில் "கதி எடு" என்று கேட்கிறது. சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

இதற்கு நான் செய்வது: எந்தச் சொற்களில் இரட்டிப்பு வருகிறது என்று தாளில் கோடு போட்டு வைப்பேன். பாடகர் முதலில் முன்குரலைப் பாடி முடிக்க வேண்டும். பின்குரல் பாடும்போது அந்தச் சொற்களில் அடைப்பைக் கொஞ்சம் சீக்கிரமே போட்டுவிடச் சொல்வேன். வெடிப்பை முன்குரல் பார்த்துக்கொள்ளும். அப்படியும் வழிந்தால், ஆறு டிராக்கிலும் அந்த இடத்தைக் கத்தரித்து ஒரே நேர்கோட்டில் மௌனமாக்கிவிடுவேன். சலிப்பான வேலைதான். ஒரு பல்லவிக்கு ஒரு மணி நேரமும் ஒரு கோப்பை தே ஓ-வும் போகும். ஆனால் பாட்டில் பல் முளைக்கும். ஸ, ஷ சீறல்களை ஒரே டிராக்கில் மட்டும் விட்டு மற்றதில் இறக்கிவிடுங்கள். ழகரம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கிரவுல் என்ற உறுமல் குரலை அடுக்குவது வேறு கணக்கு. அதில் பொய்க்குரல் நாண்களும் சேர்ந்து அதிர்வதால் தெளிவான ஸ்வரம் இருக்காது, சரளைக்கல் மாதிரி. ஒரே வகைக் கிரவுலை மூன்று முறை அடுக்கினால் சொல் புதையும். லோரி மண் கொட்டுவது போலத்தான் கேட்கும். வேறு வகையைச் சேர்க்க வேண்டும். டெய்சைட் பேண்டின் 1990 முதல் ஆல்பத்தில் கிளென் பெண்டன் அடித்தொண்டை உறுமலின் மேலேயே உச்சக் கீச்சலையும் ஏற்றியிருப்பார். ஒரே ஆள் பாடியது என்றாலும் இரண்டு பேய் ஒரே உடம்பில் பேசுவது போல இருக்கும். உறுமல் கனத்தைத் தருகிறது, கீச்சல் சொல்லைத் தருகிறது. சுத்தக் குரலுக்கு பிளாக் சப்பாத்தில் பாடிய ஓஸி ஆஸ்போர்னைக் கேளுங்கள்: தனி ஆல்பங்களில் தன் குரலைத் தானே இரட்டித்துக்கொண்டார், அந்தக் கண்ணாடித்தனம் அதிலிருந்து வருவது. அவருடைய 1980 ஆல்பத்தில் கிட்டார்காரர் ராண்டி ரோட்ஸ் ஸோலோக்களையே ஸ்வரம் பிசகாமல் மூன்று முறை வாசித்து அடுக்கினார். அந்த வேகத்தில் மூன்று முறை! முடியாதவர்கள் ஒற்றையாக வாசித்து ஸோலோவை நடுவில் விட்டுவிடுவது மரியாதை.

ஆலிஸ் இன் செயின்ஸ் 1992இல் வெளியிட்ட 'டர்ட்' ஆல்பமும் பாடகர்களுக்குப் பாடப்புத்தகம். லேய்ன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரெலும் ஒருவர் கரடுமுரடு, ஒருவர் வழவழப்பு. இடைவெளியும் நெருக்கமாக வைப்பார்கள். இரண்டு வேறு தொண்டை என்பதால் இரண்டு டிராக்கே நாலு மாதிரிக் கேட்கும்.

கூட்டக் குரலுக்கு ஆள் சேர்க்கும்போது பத்து மலை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று 272 படியின் அடியில் நின்றால், ஒருவர் "வேல் வேல்" என்பார், கூட்டம் "வெற்றிவேல்" என்னும். அந்த 'ற்றி' தூரத்தில் நிற்பவருக்குக் கேட்காது, 'வே...ஏ...' என்ற அலைதான் வரும். பக்கத்தில் நிற்கும் ஒருவரின் 'ற்றி' மட்டும் காதில் அறையும். பதிவிலும் அதே அமைப்பு: ஐந்து பேரும் மைக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று கத்தட்டும், ஒவ்வொரு டேக்குக்கும் இடம் மாறி நிற்கட்டும், நாலு டேக் எடுத்தால் இருபது பேர். அவர்களில் ஒருவர் மட்டும் கடைசியில் மைக்குக்குக் கிட்டே வந்து ஒரு முறை கத்தட்டும். நீங்கள் ஆறு குரலையும் மைக்கை விழுங்குகிற தூரத்தில் பதிந்திருக்கிறீர்கள். கூட்டம் இல்லை அது, தொலைபேசியில் ஆறு பேர்.

கீபோர்டு வயலின் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கிட்டார் இருக்கும் உயரத்திலேயே அதுவும் இருக்கிறது. ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள், அல்லது பல்லவியில் மட்டும் வையுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மூன்றாவது.

உறுமி விஷயம் அப்படி இல்லை. அதை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன். தன் மண்ணின் தாளத்தை மெட்டலுக்குள் கொண்டுவருவது புதிதும் இல்லை. பிரேசிலின் செபுல்துரா 1996இல் 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடியினரிடம் போய்ப் பதிவு செய்தார்கள், கார்லினோஸ் பிரவுனைத் தாளத்துக்கு அழைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே 1992இல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா பேண்டினர் டெத் மெட்டலோடு சமஸ்கிருத சுலோகங்களைச் சேர்த்துப் பாடி வருகிறார்கள்; உறுமலும் ஓதலும் ஒன்றுக்கொன்று இடம் விடுவதை அவர்களிடம் கேட்கலாம். கிட்டார் குறையும் இடத்தில்தான் ஓதல் நுழையும்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் குச்சி அடி, 'டங்' என்று. மற்றதில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் முனகல், 'ஊ...ம்' என்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு. அந்த முனகல் விழும் இடமும் பாம் மியூட் குந்தியிருக்கும் இடமும் ஒன்றே. எட்டுக் கிட்டாருக்கு நடுவே உறுமியை ஓட்டினால் அடி மட்டும் கேட்கும், முனகல் செத்துவிடும். முனகல் இல்லாத உறுமி வெறும் பறை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் உறுமி வரும் பத்து விநாடிக்கு கிட்டார் வாயை மூடட்டும், அல்லது ஒரு கார்டை அடித்து அப்படியே ஓடவிடட்டும்.

அறையும் முக்கியம். சில வருடம் முன்பு ஆறு உறுமியை என் மாடி அறையில் வைத்துப் பதிந்தேன். அறை பன்னிரண்டுக்குப் பத்தடி. சுவர்கள் திருப்பி அடித்த அடியில் முனகல் முழுக்க ஒரே 'பூ' என்று ஆகிவிட்டது; அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் எவ்வளவு செதுக்கினாலும் போகவில்லை. கீழ்க்கடைக்காரர் மேலே வந்து கும்பிட்டார், அது வேறு. அடுத்த வாரம் ஒரு கோயில் மண்டபத்தில் அனுமதி வாங்கி, வாரநாள் மதியம், இரண்டு மைக் பக்கத்தில், ஒன்று பத்தடி தள்ளி வைத்துப் பதிந்தோம். ஐந்தாவது டேக்கில் கொமுட்டர் ரயில் ஒன்று குறுக்கே போனது. கேட்டால் அந்த டேக்தான் நன்றாக இருந்தது, ரயிலோடு வைத்துக்கொண்டோம்.

அடுக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, எப்போது அடுக்குவது என்பது. உங்கள் பாட்டில் முதல் விநாடியிலிருந்து எட்டும் ஓடுகிறது. பல்லவி வரும்போது கூட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. காதுக்கு அளவுகோல் கிடையாது. சற்று முன் கேட்டதோடு ஒப்பிட்டுத்தான் பெரிது, சிறிது என்று சொல்லும். சரணத்தில் இரண்டு கிட்டார், ஒற்றைக் குரல். பல்லவிக்கு முந்தைய இரண்டு அடியில் வலது கிட்டாரையும் நிறுத்திவிடுங்கள், இடது மட்டும் கரகரக்கட்டும். பிறகு பல்லவியில் நாலு கிட்டாரும் கூட்டக் குரலும் ஒன்றாக இறங்கட்டும். சத்த அளவைக் காட்டும் முள் பெரிதாக நகராது, ஆனால் கேட்பவர் நாற்காலியில் பின்னால் சாய்வார்.

ஆகவே இப்போது இருக்கும் எட்டில், நகல் மூன்றையும் அழித்துவிடுங்கள். மீதி ஐந்தில் எது டிரம்ஸோடு மிக இறுக்கமாக ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டைப் பொறுக்குங்கள்; இடம், வலம். மூன்றாவது நாலாவதை இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டு, பேஸைத் தூக்கிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகும் பல்லவிக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்று தோன்றினால் புதிதாக வாசியுங்கள், வேறு கிட்டாரில், அல்லது வேறு ஆம்ப் ஒலியில், கெயினைக் குறைத்து, மற்ற இரண்டையும்விடச் சத்தம் தாழ்த்தி. கம்பி புதிதாக மாற்றி, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி சேர்த்து, அதுவும் பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் கம்பியை அடித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மெதுவாக வருடிச் சேர்த்தால், ஓங்கி அடிக்கும்போது சுருதி மேலே ஏறிவிடும். இரண்டு கிட்டாரும் வேறு வேறு அளவு ஏறினால் அது அகலமில்லை, பிசிறு.

கேட்டுப் பார்ப்பதையும் காரில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றை ஸ்பீக்கரில், பேச்சுச் சத்தத்துக்குக் கீழே குறைத்து வைத்துக் கேளுங்கள். அந்தச் சத்தத்தில் 'தகதிமி' புரிந்து, 'கத்தி' 'கத்தி'யாகவே கேட்டால் சரி.

குரலையும் கிட்டாரையும் உங்கள் அறையிலேயே திருத்திவிடலாம். உறுமியை மட்டும் புதிதாகப் பதிந்துவிடுங்கள். செந்தூல் வரை வரத் தேவையில்லை, பஸ் காசுக்கே வெள்ளி நிறையப் போகும். உங்கள் பக்கத்துக் கோயிலில் மண்டபம் இருக்கும். நிர்வாகத்தில் ஒரு பெரியவரைப் பிடித்து, பூசை முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மெட்டல் என்று சொல்ல வேண்டாம், உறுமி மேளம் பதிகிறோம் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.